ஃபர்னஸ் ஏறும்போது வரும் பழுது

முடிந்துபோன எந்தப் பொருளும் இம்மானுவேலுக்குப் பிடித்ததில்லை. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பைப் பத்து மாதம் படித்துவிட்டு டைப்ரைட்டிங்குக்குப் போனான். லோயர் பாஸான கையோடு ஹையர் எழுதாமல், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மாடியறையில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தான். அங்கேயும் சர்டிஃபிகேட் வாங்கப் போகவில்லை. டீ டம்ளரில் கடைசி வாய் எப்போதும் மிச்சமிருக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்கு மாறிவிடுவான். நாற்பத்து மூன்று வயதில் அவன் முழுசாக முடித்த ஒரே காரியம் கல்யாணம் என்று தெருவில் சொல்வார்கள். அவன் மனைவி ஏஞ்சலினைக் கேட்டால், அதுவும் இன்னும் முடியவில்லை, இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பாள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சிப்காட்டுக்குள் பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஒரு மில்லில், கேட்டை ஒட்டிய எடைமேடை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். கேபினுக்குள் சிவப்பு எழுத்தில் ஒரு எண் வரும். அதைச் சீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். எண்ணைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, ரசிக்கவும் முடியாது. எட்டடிக்கு ஆறடி கேபின். அதற்குள் அவன் நாளொன்றுக்கு நடக்கிற நடையை நேராக நீட்டிவிட்டால் ஊத்துக்கோட்டைக்கே போய்விடலாம்.

அந்தக் கேபினில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பதினைந்து வயது. அதில் எந்த அப்டேட்டும் வராது. வந்தாலும் போடக் கூடாது. பென்டிரைவ் செருகும் ஓட்டைகளைப் பிளாஸ்திரி போட்டு அடைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைப்பது இம்மானுவேல்தான். கிறிஸ்தவனாயிற்றே என்று யாரும் யோசித்ததில்லை. வேறு கை பட்டால் நின்றுவிடுமோ என்ற பயம் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருந்தது.

மாவட்டத்திலேயே பழைய கம்ப்யூட்டரைப் பகலெல்லாம் காவல் காக்கிறவன், வீட்டுக்கு வந்ததும் உலகத்திலேயே புதியதைத் தேடுவான். உலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்களை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் ஓர் அமெரிக்கக் கம்பெனி, அடுத்து வெளியிடப் போவதைச் சில மாதம் முன்னாலேயே, அரைவேக்காடாக, விரும்பிக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கும். அதற்குப் பெயர் பீட்டா. போட்டுப் பார்க்கலாம். குறை கண்டால் எழுதலாம். கூலி கிடையாது, லேப்டாப் படுத்துவிட்டால் பொறுப்பும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுசு வரும். பழசில் ஓடியது புதுசில் ஓடாது. ஏழு வருடமாக இம்மானுவேல் ஒன்றையும் விட்டதில்லை. இன்ஸ்டால் ஆகும்போது திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் அவன் கால் ஆடாமல் இருக்கும்.

ஏஞ்சலின், செல்போனுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கியூசி. லென்ஸ் வைத்த விளக்கின் கீழே எட்டு மணி நேரம் குறை கண்டுபிடிக்க அவளுக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் அதே வேலையை இலவசமாகச் செய்யும் புருஷன்.

“முடிச்சிக் குடுக்குற சாமான்லயே நூத்துக்கு மூணு நாங்க கழிக்கிறோம். முடிக்காத சாமான இட்டாந்து ஊட்ல வச்சிகினு, அதுல கொறை வேற தேடுவியா?” என்பாள்.

“முடிச்ச சாமான்ல தேடி இன்னா பிரயோஜனம் ஏஞ்சலு? அது தப்போடவே முடிஞ்சிடுச்சே.”

 அவள் உடனே ஈஸ்டர் கதையை எடுப்பாள். சபையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் லேப்டாப்பில் இவன் ஒருமுறை பீட்டாவைப் போட்டுவிட்டான். ஈஸ்டர் ஆராதனையில், கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்ற வரி தலைகீழாக வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பாடி முடித்தார்கள்.  அடுத்த வாரம் லேப்டாப் பையில் போதகர் போட்ட ஒரு சின்னப் பூட்டு தொங்கியது.

போன வருடம் ஜூலையில் வந்த பீட்டாவில்தான் அந்தப் பழுது வந்தது.

அவர்கள் வீடு சிப்காட் பின்மதிலை ஒட்டிய தெருவில், கரண்ட் லைன் முடிகிற இடத்தில் இருக்கிறது. மில்லில் இருப்பது மின்சாரத்தாலேயே இரும்பைக் குழம்பாக்கும் ஃபர்னஸ். ஒவ்வொரு தடவை புதுச் சரக்குக் கொட்டி ஏற்றுவதற்கும் ‘ஹீட்’ என்று பெயர். ஹீட் ஏறுகிற நேரத்தில் இந்தத் தெருவின் டியூப்லைட்டெல்லாம் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டும். மில்லுக்குத் தனி லைன், உங்களுக்குத் தனி லைன் என்று லைன்மேன் பலமுறை விளக்கியிருக்கிறார். டியூப்லைட்டுக்கு அந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. ஃபர்னஸ் ஆபரேட்டர் பரசுராமன் இதே தெருக்காரன். விளக்கு சிமிட்டினால், “பரசு ஹீட்டு போட்டுட்டான்” என்று சொல்லிவிட்டு அரிசி களைகிறவர்கள் களைந்துகொண்டிருப்பார்கள். ஷிஃப்ட் மாறியது, குழாயில் தண்ணீர் வரும் நேரம் எல்லாம் தெருவுக்கு அந்தச் சிமிட்டலில்தான் கணக்கு.

பழைய பதிப்பு இதற்குப் பழகியிருந்தது. புது பீட்டா பழகவில்லை. விளக்கு சிமிட்டியதும் சார்ஜரை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துத் திரையை மங்க வைக்கும். உடனே, செருகிவிட்டார்கள் என்று நினைத்து வெளிச்சமாக்கும். மறுபடி பிடுங்கிவிட்டார்கள். மூன்றாவது தடவையில் எதை நம்புவதென்று தெரியாமல், திறந்திருந்ததையெல்லாம் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஃபர்னஸுக்குப் போகிற இரும்பை எடைபோட்டு உள்ளே அனுப்புகிறவன் இம்மானுவேல். அந்த இரும்பு உருகும்போதெல்லாம் வீட்டில் அவன் லேப்டாப் கண்ணை மூடியது.

எழுதினான். எழுதுவதில் அவன் கைதேர்ந்தவன் என்பது தெருவின் நம்பிக்கை. திங்கட்கிழமை மனு கொடுக்கத் திருவள்ளூர் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும்; சொந்த மாவட்டத்தின் தலைநகருக்குப் போவதைவிடச் சென்னைக்குப் போவது சுலபம். அப்படியும் நான்கு வருடம் விடாமல் மனு எழுதித் தெருமுனையில் ஒரு வேகத்தடை வாங்கிக் கொடுத்தவன் அவன். மனுவுக்கென்று ஒரு மரியாதை உண்டு. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரக் கூடாது. அனுப்புநர், பெறுநர், பொருள், வணக்கம், குடும்ப நிலவரம், படும் துன்பம். பிறகுதான் தடையோ தெருவிளக்கோ. அதே இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பினான்.

‘மதிப்பிற்குரிய ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். இருபத்தொரு வருடமாகத் தனியார் ஆலையில் பணிபுரிகிறேன். தங்கள் நிறுவனத்தின் மீது சிறு வயது முதல் பற்றுடையவன்’ என்று தொடங்கி, பதினோராவது வரியில் பழுது வந்தது. ‘ஆகவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து’ என்று முடிந்தது. பழுதை வரவழைக்கும் முறையைப் படிப்படியாக எழுதவும் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. முதல் படி என்ற இடத்தில், ‘கும்மிடிப்பூண்டியில் குடியிருக்க வேண்டும்’ என்று எழுதினான். இரண்டாவது படி: ‘ஃபர்னஸ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.’

நான்கு நாளில் பதில் வந்தது. ‘எங்களால் இந்தப் பழுதை வரவழைக்க முடியவில்லை. மூடப்படுகிறது.’

திரும்ப எழுதினான், இன்னும் பணிவாக. மூடினார்கள். மூன்றாவது தடவை ஆதார் நகலும் கரண்ட் பில்லும் இணைத்தான். அதைத் திறந்து பார்த்தவர் அங்கே என்ன நினைத்தாரோ, அதையும் மூடிவிட்டார். கடைசிப் பதிலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: செப்டம்பர் இருபதுக்குப் பிறகு வரும் குறைகள் இந்த வெளியீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா. அக்டோபரில் அது எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும்.

இருபதுக்கு இரண்டு வாரம் இருந்தது. இம்மானுவேல் கேபினில் உட்காரவே இல்லை. ஸ்டேப்ளரை மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வைத்தான், அரை மணியில் திரும்ப எடுத்து இடப்பக்கம் வைத்தான். சரிசெய்யவில்லை என்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. சரிசெய்யாத சாமான்களோடு வாழ்வது அந்தப் பேட்டைக்குப் புதிதா? பழுதே இல்லை என்கிறார்களே, அதுதான் உள்ளே புகுந்து குடைந்தது. கண்ணெதிரே தினமும் நடப்பதை, பார்க்காத ஒருவன் நடக்கவில்லை என்று எழுதி மூடிவிட முடியுமா?

அதே வாரம் பாஸ்கர் வந்தான். சோழவரத்துக்காரன், பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிக்கு டிரைவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேபின் ஜன்னலை விட்டு நகராமல் நின்றான்.

“அண்ணா, நாப்பது கிலோ கொறையிதுணா. அங்க எட போட்டுத்தான் கெளம்பினேன்.”

“வழியில மழ பேஞ்சி காஞ்சிருக்கும்.”

“இரும்பு காயுமாணா? சொம்மா பேசாத. எப்பவும் கொறையறதில்ல, சில நேரந்தான் கொறையுது. வழியில எத்த எறக்கினேன்னு மொதலாளி என்னிய கேக்குறாரு. ரெண்டு தபா ஆயிடுச்சி. இன்னொரு தபா ஆச்சின்னா வண்டிய உட்டு எறக்கிடுவாரு.”

“நான் பாக்குறப்ப சரியாத்தான் காட்டுது பாஸ்கரு. போ, பின்னால வண்டி நிக்கிது.”

பாஸ்கர் போய்விட்டான். இம்மானுவேல் ஸ்டேப்ளரை வலப்பக்கம் வைத்தான்.

அன்று மாலை ஏஞ்சலின் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அவன் நான்காவது மனுவை எழுதிக்கொண்டிருந்தான். மதிப்பிற்குரிய என்பதற்கு மேலே ஒரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். அவள் முகம் கழுவிவிட்டு வந்து, தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அவன் எழுதியதை அவள் படித்தது அதுதான் முதல் தடவை.

“இன்னா இது?”

“கம்ப்ளெய்ண்டு.”

“இதுவா? கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது. கம்ப்ளெய்ண்டு எங்க?”

அவன் பதினோராவது வரியைக் காட்டினான்.

“எங்க லைன்ல இப்டி எழுதினா சூப்பர்வைசரு கிழிச்சி கையில குடுப்பாரு. நீ யாரு, ஒனக்கு எத்தினி வருச சர்வீசு, அத்த எவன் கேட்டான்? இன்னா கொறை, எங்க வந்துச்சி, எத்தினி பாத்த, அதுல எத்தினி கெட்டுச்சி. அவ்ளோதான். அஞ்சு வரி.”

“மரியாத இல்லாம எப்டி எழுதறது?”

“நம்பரு போடு. அதான் மரியாத.”

பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் கம்பெனியில் நல்ல பாகங்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். குறையுள்ள பாகம் ஒன்றைத்தான் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, பெயர் எழுதிப் பூட்டி வைப்பார்களாம். குறை என்றால் என்ன என்று புதிதாக வருகிறவளுக்குக் காட்ட வேண்டுமே. “கொறைய பத்திரமா வச்சிக் காட்டத் தெரியணும். நீ அழுதுகினு கீற.”

பத்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தும், குறை கண்டுபிடிப்பதில் படித்துத் தேர்ந்த ஆள் பக்கத்திலேயே இருப்பது அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குள் ஏஞ்சலின் கண்டுபிடித்த குறையெல்லாம் அவனைப் பற்றியதாகவே இருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவு. பரசுராமனுக்குக் காலை ஷிஃப்ட். ஹீட் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

“எதுக்கு மச்சான்?”

“அமெரிக்காக்காரனுக்கு நீ ஹீட்டு போடறது தெரியலயாம்.”

“அவனுக்கு எதுக்குடா தெரியணும்? மேனேஜருக்கே தெரியாது,” என்றான் பரசுராமன். ஆனால் ஒப்புக்கொண்டான். தன் வேலை அமெரிக்கா வரை போகிறதென்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஏஞ்சலின் முதல் ஆராதனைக்கு மட்டும் போய்விட்டு வந்தாள். நாஷ்டா தட்டை ஒதுக்கிவிட்டு, மேசையில் லேப்டாப், பக்கத்தில் செல்போன், ஒரு நோட்டு. நான்கு பத்தி கோடு போட்டாள். மிஸ்டு கால் வந்த நேரம், விளக்கு சிமிட்டிய நேரம், எத்தனை சிமிட்டல், லேப்டாப் தூங்கியதா இல்லையா. இம்மானுவேல் உட்கார்ந்தான், எழுந்தான், வாசல் வரை போய் மில் பக்கம் பார்த்துவிட்டு வந்தான்.

“ஒக்காருப்பா. நீ நடக்குறதால கரண்டு வராது.”

ஏழு நாற்பதுக்கு வந்தது முதல் கால். பத்து வினாடியில் டியூப்லைட் சிமிட்டியது. லேப்டாப் மங்கியது, தெளிந்தது, மங்கியது, படுத்தது. இம்மானுவேல் கைதட்டினான். ஏழு வருடத்தில் ஒரு லேப்டாப் படுத்ததற்கு அவன் சந்தோஷப்பட்டது அன்றுதான். ஒன்பதரைக்கு இரண்டாவது. பதினொன்றே காலுக்கு மூன்றாவது. இடையில் ஃபர்னஸ் ஓய்ந்திருந்த நேரத்திலும் ஏஞ்சலின் நோட்டை மூடவில்லை. ‘ஹீட் இல்லை, பழுது இல்லை’ என்று கால் மணிக்கு ஒருமுறை குறித்தாள்.

ஒன்று ஐந்துக்கு நான்காவது மிஸ்டு கால். டியூப்லைட் ஒரே ஒரு தடவை சிமிட்டியது. லேப்டாப் மங்கித் தெளிந்து, எதுவும் நடக்காததுபோல நின்றது.

“இத்த எழுதாத,” என்றான் இம்மானுவேல்.

“ஏன்?”

“நம்ம பக்கம் வீக்காயிடும். மனுவுல நமக்கு ஆகாதத எழுதக் கூடாது.”

“வராததையும் எழுதினாத்தான் வந்தத நம்புவான். நூத்துக்கு நூறு கெட்டுச்சின்னு எவனாவது எழுதினா, எங்க சூப்பர்வைசரு மொதல்ல அவனத்தான் செக் பண்ணுவாரு.”

“இது கம்பெனி இல்ல ஏஞ்சலு. இதுக்குதான் நான் இவ்ளோ பேஜாரு பட்டுகினு கீறேன்.”

“அதான் ரெண்டு மாசமா மூடிகினே கீறானா?”

அவன் நோட்டைப் பிடித்தான். அவள் விடவில்லை. அந்த இழுபறியில், ஒரு சிமிட்டல் என்றால் தூங்கவில்லை, மூன்று என்றால் தூங்குகிறது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நோட்டில் மூன்றாவது பத்தியில் அது வரிசையாக நின்றது: மூன்று, மூன்று, நான்கு, ஒன்று. வேண்டாம் என்று மறைக்கப் பார்த்த வரிதான் மற்ற வரிகளுக்குப் பொருள் சொன்னது. இம்மானுவேல் நோட்டை விட்டுவிட்டான். பரசுராமன் ஷிஃப்ட் முடிவதற்குள் இன்னும் ஒரு ஹீட் போட்டான். அதில் மூன்று சிமிட்டல். படுத்தது.

ஐந்து வரியில் எழுதினார்கள். ‘பத்து வினாடிக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ மின்சாரம் தாழ்ந்து ஏறினால் கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறது. ஒருமுறை மட்டும் தாழ்ந்தால் தூங்குவதில்லை. ஐந்து தடவை பார்த்ததில் நான்கு தடவை. நேரங்கள் கீழே. மின்சாரம் தாழாத நேரத்தில் ஒருதடவைகூட இல்லை.’ மதிப்பிற்குரிய இல்லை, கருணை இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது, சட்டை போடாமல் கலெக்டர் எதிரில் போய் நின்றதுபோல இம்மானுவேலுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று நாள் பதில் இல்லை. அவன் செல்போனை எடுத்துப் பார்க்கும் வேகத்தில், பக்கத்து கேட்டின் வாட்ச்மேன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பத்தொன்பதாம் தேதி காலை, மேடையில் ஒரு லாரி நிற்கும்போது வந்தது.

‘நீங்கள் கொடுத்த விவரப்படி எங்கள் ஆய்வகத்தில் மின்சாரத்தைத் தாழ்த்தி ஏற்றிப் பார்த்தோம். பழுது வருகிறது. உறுதிசெய்யப்பட்டது. நேரம் போதாததால் இந்த வெளியீட்டில் சரிசெய்யப்படமாட்டாது. நன்றி.’

மாலையில் ஏஞ்சலின் அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாள்.

“கொறை கீதுன்னு தெரிஞ்சே அனுப்புவானா? எங்க கம்பெனியில அனுப்பினா லைன நிறுத்திடுவாங்க. இதுக்கு இன்னா இளிப்பு?”

“கீதுன்னு ஒத்துக்கினான்ல?”

“சரிபண்ண மாட்டானாமே!”

“அது கெடக்குது. கீதுன்னு எழுதிட்டான் பாரு. ‘வருகிறது.’ அவனே எழுதிட்டான்.” டீயைக் குடித்தான். ஏஞ்சலின் பிறகு டம்ளரைக் கழுவ எடுத்தபோது அதில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பாஸ்கரின் லாரி வந்தது. மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, இந்தத் தடவை அவன் இறங்கி வந்து சீட்டு அடிப்பதற்கு முன்னாலேயே ஜன்னலில் நின்றான். முகத்தில் தூங்காத களைப்பு.

“அண்ணா, இன்னிக்கும் கொறஞ்சா நான் சாவிய அங்கயே குடுத்துட்டு பஸ்ஸுல போவ வேண்டியதுதான். ஒரு தபா நல்லா பாத்து அடிணா.”

“நான் பாக்குறப்ப—” என்று தொடங்கினான் இம்மானுவேல்.

அப்போது சட்டைப் பையில் செல்போன் ஒருமுறை அடித்து நின்றது. பரசுராமன். போதும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு ஹீட் விடாமல் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மேலே டியூப்லைட் சிமிட்டியது. சிவப்பு எண் நடுங்கி, நாற்பது கிலோ கீழே போய் நின்றது. பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில்போல, பழைய இடத்துக்கு ஏறியது.

இருபத்தொரு வருடம் அவன் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறான். டியூப்லைட்டையும் பார்த்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

“பாத்தியாணா?” என்றான் பாஸ்கர்.

“பாத்தேன்.”

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. இம்மானுவேல் உட்கார்ந்தான். எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து பாஸ்கரின் சீட்டை அடித்துக் கொடுத்தான். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். கை தானாக ‘பெறுநர்: உயர்திரு மேனேஜர் அவர்கள்’ என்று எழுதிவிட்டது. அதை அடித்தான். நான்கு பத்தி கோடு போட்டான்.

“போன ரெண்டு தபாவும் எத்தினி மணிக்கு வந்த? சரியா சொல்லு. கொறையாம போச்சே, அந்த நேரமும் சொல்லு. அதுவும் வேணும்.”